நடுக்குவாதத்துக்குச் சீன மருந்து: எதுவரை நம்பலாம்?

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம் வழியாகத் தீவகத்துக்குச் செல்பவர்களுக்கு முதலில் எதிர்ப்படும் தீவு மண்டைதீவு. 1990இல் ஊரோடு பெயர்ந்து, நெடுங்காலம் கழித்துத் திரும்பிய குடும்பங்களும், பிள்ளைகளைப் புலம்பெயர் நாடுகளுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியவர்களும் இன்று அங்கே வாழ்கின்றனர். சில மாதங்களுக்கு முன்னர் அத்தீவில் ஒரு வீட்டுக்கு நாம் சென்றிருந்தோம். வீட்டுக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். ஒரு காலத்தில் வலை பின்னுவதில் பெயர்பெற்றவர். ஐந்தாண்டுகளாக நடுக்குவாதம். திண்ணையில் அமர்ந்திருந்த அவரது வலக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு குளிசையை உருட்டிக்கொண்டிருப்பதுபோல ஓயாமல் அசைந்தன.

மேசையில் இரண்டு வகை மருந்துகள் இருந்தன. ஒன்று யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் கொடுக்கப்பட்ட குளிசைகள். மற்றையது ரொறன்ரோவிலுள்ள சீன மருந்துக் கடையொன்றில் மகன் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய தூள் பொதி. "இங்கிலிஷ் குளிசை உடம்பைக் கெடுக்கும், இதைக் குடியுங்கோ அப்பா" என்று தொலைபேசியில் மகன் சொல்ல, தந்தையார் குளிசைகளை முற்றாக நிறுத்திவிட்டுப் பத்து நாள் தூளை மட்டும் குடித்திருக்கிறார். பதினோராம் நாள் அவரால் கட்டிலிலிருந்து எழும்ப முடியவில்லை. உடல் மரக்கட்டைபோல விறைத்து, பேச்சும் விழுங்குதலும் தடைப்பட்ட நிலையில், அயலவர்கள் முச்சக்கர வண்டியில் ஏற்றிச் சென்று காப்பாற்றியிருக்கிறார்கள். "தம்பி, இப்ப எதைக் குடிக்கிறது, எதை விடுறது?" என்று அவரது துணைவியார் எம்மிடம் கேட்டார். நாம் வைத்தியர் அல்லர். எனினும் அந்த ஆச்சியின் கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல என்பதனால், இவ்விடயத்தில் இதுவரை அறியப்பட்டுள்ளவற்றை வாசகர் முன் வைப்பது எமது கடமை எனக் கருதுகிறோம்.

சீன மருத்துவம் என்றதுமே அது ஏதோ அந்நியச் சரக்கு என்று ஒதுக்குவோரும் உளர். அதிசயம் என்று கொண்டாடுவோரும் உளர். தீவக மக்களுக்கு இரண்டும் பொருந்தாது. மண்டைதீவை அடுத்துள்ள அல்லைப்பிட்டியின் மணலிலிருந்து 1970களில் சீன மட்பாண்டங்கள் பெருந்தொகையாகக் கண்டெடுக்கப்பட்டன. அவை பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில், சொங் அரசர் காலத்தில், தென்சீனச் சூளைகளில் வனையப்பட்டவை. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அங்கே வந்து அகழ்ந்தனர். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் பொறிக்கப்பட்டு, கடற்தளபதி செங் ஹோ காலியில் நிறுவிய பதினைந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு இன்றும் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. எனவே சீனத்திலிருந்து பொதியொன்று தீவகத்துக்கு வருவது புதுமையல்ல. பொதிக்குள் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. 1817இல் லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர், தாம் கண்ட ஆறு நோயாளரைப் பற்றிச் சிறு நூலொன்று எழுதினார். அவர்களில் சிலரைத் தெருவில் கண்டே அவதானித்தார். அவர் பெயராலேயே இந்நோய் பின்னர் அழைக்கப்படலாயிற்று. நடுமூளையில் கரிய நிறங்கொண்ட ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டொப்பமைன் என்னும் இரசாயனத்தைச் சுரக்கின்றன. கையை நீட்டுவது, காலை எடுத்துவைப்பது, முகத்தில் சிரிப்பை வரவழைப்பது ஆகியன தங்குதடையின்றி நடைபெற இது இன்றியமையாதது. அவ்வணுக்கள் மெல்ல மெல்ல அழிவதே நோய். நோய்க்குறிகள் வெளியே தெரியும்போது அவற்றுள் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டிருக்கும். ஏன் அழிகின்றன என்பதற்கு முழுமையான விடை இல்லை. முதுமை, பரம்பரை, சில களைகொல்லிகள், பூச்சிகொல்லிகள் ஆகியவற்றுக்குத் தொடர்பு காணப்பட்டுள்ளது. எமது விவசாயிகள் நன்கறிந்த பரகுவாட் என்ற களைகொல்லி இந்த ஐயத்துக்கு உள்ளான ஒன்று. இலங்கையில் 2008இல் அதற்குக் கட்டுப்பாடு விதிக்கத் தொடங்கிப் பின்னர் அடியோடு தடைசெய்தனர். அதற்குப் பிரதான காரணம் தற்கொலைகள் என்பது வேறு விடயம். புகைப்பிடிப்போரிடம் இந்நோய் சற்றுக் குறைவு என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. தீவகத்துப் புகையிலைச் செய்கையாளரும் சுருட்டுப் பிரியர்களும் இதைக் கேட்டு மகிழவேண்டாம். நடுக்குவாதத்துக்கு முன்னரே சுவாசப்பையும் இருதயமும் கணக்குத் தீர்த்துவிடும்.

நடுக்கம் மட்டுமே இந்நோய் என்று எண்ணுவதும் தவறு; நடுக்கமெல்லாம் இந்நோய் என்று எண்ணுவது அதைவிடத் தவறு. ஓய்வாக இருக்கும்போது நடுங்கும் கை, ஒரு வேலையைச் செய்யும்போது ஓரளவு அடங்குவது இதன் இயல்பு. தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது மட்டும் நடுங்குமாயின் அது பெரும்பாலும் வேறொன்று. தைரொயிட் சுரப்பியின் கோளாறாகவோ, இழுப்புக்குப் பாவிக்கும் மருந்தின் விளைவாகவோ இருக்கக்கூடும். மாறாக, நடுக்கமே இல்லாமல், நடை தளர்ந்து, எழுத்து சிறுத்து, முகம் உணர்ச்சியற்று, குரல் தாழ்ந்து, திரும்பிப் படுக்கவும் இயலாதிருப்போரை "வயது போயிற்று" என்று எமது வீடுகளில் மூலையில் இருத்திவிடுகிறோம். மணம் அறியும் ஆற்றல் குன்றுதல், தீராத மலச்சிக்கல், உறக்கத்தில் கத்திக் கைகாலை உதறுதல் என்பன நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே தோன்றக்கூடும். இன்னுமொன்று: தலைச்சுற்றுக்கும் வாந்திக்கும் கொடுக்கப்படும் சில குளிசைகள், மனநோய்க்கான சில மருந்துகள் டொப்பமைனின் செயலைத் தடுத்து இதே தோற்றத்தை உண்டாக்குவதுண்டு. சின்னரிசின், மெற்றொகுளோபிறமைட், ஹலோபெரிடோல் என்பன அத்தகையவை. அவற்றை வைத்தியர் நிறுத்தியதும் பெரும்பாலானோர் படிப்படியாகத் தேறுவர். "மூலிகையால் நடுக்கம் முற்றாக மாறிற்று" என்று ஊரில் உலவும் கதைகள் சிலவற்றின் பின்னணி இதுவாக இருக்கலாம் என்பது எமது ஊகம்.

சீன வைத்தியர் இந்நோயை எவ்வாறு பார்க்கின்றனர்? அவர்களது ஆதி மருத்துவ நூலே நடுக்கத்தையும் தலைச்சுற்றையும் 'காற்று' எனக் கொண்டு, அதன் இருப்பிடமாக ஈரலைக் காட்டுகின்றது. அங்கே ஈரல் என்பது நாம் அறிந்த உறுப்பு மட்டுமல்ல. தசைநார்களைப் போஷித்து அசைவை ஒழுங்குபடுத்தும் ஓர் ஆற்றலின் பெயர். வயது ஏற ஏறச் சிறுநீரகத்தினதும் ஈரலினதும் ஈரமும் குளிர்ச்சியும் வற்றுகின்றன. வறண்ட நிலத்தில் சுழல்காற்று எழுவதுபோல உடலுக்குள் காற்று எழுகின்றது. அதுவே கைகால்களை ஆட்டுகின்றது என்பது அவர்களது விளக்கம். எமது சித்த வைத்தியர்கள் இதனை நடுக்குவாதம் என்றும், ஆயுள்வேதத்தார் கம்பவாதம் என்றும் அழைப்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம். வாதம் என்பதும் காற்றே. ஒருவரையொருவர் பார்த்து எழுதினார்களோ, நடுங்கும் கையைப் பார்த்த எவருக்கும் காற்றில் அசையும் கிளைதான் நினைவுக்கு வருமோ, நாம் அறியோம்.

பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த சாங் சீஹோ என்ற சீன வைத்தியர் பதிவுசெய்த நோயாளர் கதை ஒன்று இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஐம்பத்தொன்பது வயதுக் கிராமத்தவர் ஒருவர்; வரி கட்டத் தவறியமைக்காக அதிகாரிகளிடம் அறுபது அடி வாங்குகிறார். அந்த அச்சத்தின் பின் நடுக்கம் தொடங்கி மூன்று ஆண்டுகள் நீடிக்கின்றது. எதையும் பிடிக்க முடியாது, பிறர் ஊட்டவேண்டும், நூலில் ஆடும் பொம்மைபோல உடல் ஆடுகின்றது. வைத்தியர் தமக்கே உரிய வாந்தி, பேதி வழிகளைக் கையாண்டு குணப்படுத்தியதாக எழுதுகிறார். அது பார்க்கின்சன் நோய்தானா என்று இன்று திட்டமாகக் கூற முடியாது. அச்சத்தினால் எழுந்த நடுக்கமாகவும் இருக்கலாம். ஆனால் அதிகாரத்தின் அடி ஒரு மனிதனின் நரம்பில் தங்கும் என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு வைத்தியர் எழுதிவைத்தார் என்பதை, இம்மண்ணில் இருந்து வாசிக்கும் எமக்கு எளிதில் கடந்துபோக இயலவில்லை.

இன்றைய சீன வைத்தியர் நோயாளியின் நாடியையும் நாவையும் பார்த்து ஆளுக்கேற்ற கஷாயம் வகுக்கின்றனர். கோதெங் எனப்படும் கொக்கிக் கொடி, தியன்மா எனப்படும் நிலத்தடிக் கிழங்கு, பக்குவப்படுத்திய கறுப்பு வேர் ஒன்று என்பன அடிக்கடி சேரும் சரக்குகள். காற்றை அடக்குவதற்கெனக் காய்ந்த தேளும் பூரானும்கூடச் சேர்வதுண்டு. இவற்றுள் சிலவற்றின் சாறுகள் ஆய்வுகூடத்தில் எலிகளின் நரம்பணுக்களைப் பாதுகாப்பதாக முடிவுகள் வந்துள்ளன. எலியில் வென்று மனிதரில் தோற்ற மருந்துகள் இந்நோயின் வரலாற்றில் ஏராளம் என்பதை மறக்கலாகாது. மனிதரிடம் நடத்தப்பட்ட சீனப் பரிசோதனைகளோ பெரும்பாலும் சிறியவை; குறுகிய காலத்தவை; நோயாளிக்கும் வைத்தியருக்கும் எது மருந்து, எது வெறும் தூள் என்பதை மறைத்து வைக்கும் முறை பலவற்றில் சரிவரக் கைக்கொள்ளப்படவில்லை. அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தோர் திரும்பத் திரும்பக் கூறியிருப்பது இதுதான்: வழமையான மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும்போது மலச்சிக்கல், உறக்கமின்மை போன்ற உபாதைகள் சிலருக்குத் தணியக்கூடும், சான்று பலவீனமானது, வழமையான மருந்துக்குப் பதிலாக இதனைக் கொள்ளலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் 'பதிலாக' என்ற சொல்லில்தான் மண்டைதீவுப் பெரியவர் இடறினார்.

ஊசி குத்தும் சிகிச்சையான அக்குபங்சர் எமது நாட்டுக்குப் புதியதல்ல. களுபோவில வைத்தியசாலையில் வைத்திய கலாநிதி அன்ரன் ஜயசூரிய நடத்திய அக்குபங்சர் கிளினிக் பல நாட்டவரையும் ஈர்த்தது. நடுக்குவாதத்தில் அதன் பயன் குறித்த முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. நோவும் களைப்பும் சிலருக்குக் குறைகின்றன. ஆனால் பொய்யாகக் குத்தப்பட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு ஆறுதல் கூறிய சந்தர்ப்பங்கள் உண்டு.

சீனம் தந்தவற்றுள் உறுதியான சான்றுடன் நிற்பது மருந்தே அல்ல. அது தாய் சீ என்ற மெதுவான உடற்பயிற்சி. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 195 நோயாளரை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்திய பரிசோதனை 2012இல் வெளியாயிற்று. ஒரு குழுவுக்குத் தாய் சீ, இன்னொன்றுக்குப் பாரப் பயிற்சி, மற்றையதற்கு வெறும் தசைநீட்டல். வாரம் இருமுறை, ஒவ்வொரு மணித்தியாலம், இருபத்துநான்கு வாரங்கள். உடற்சமநிலையில் தாய் சீ பயின்றோர் ஏனைய இரு குழுவினரையும் விஞ்சினர். தசைநீட்டல் மட்டும் செய்தவர்களைவிட அவர்கள் விழுந்த தடவைகளும் குறைவு. பயிற்சி முடிந்து மூன்று மாதங்களின் பின்னும் அப்பயன் நிலைத்திருந்தது. ஷாங்காயில் 300க்கும் மேற்பட்ட நோயாளரை 2016 முதல் 2021 வரை அவதானித்து 2023இல் வெளியிடப்பட்ட ஆய்வு, தொடர்ந்து தாய் சீ பயின்றோரிடம் நோய் மெதுவாகவே முற்றியதாகவும், மருந்தின் அளவைக் கூட்டவேண்டிய தேவை குறைந்ததாகவும் கூறுகின்றது. பயிற்சிக்கு வந்தோர் இயல்பிலேயே ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் அதில் உண்டு. ஆயினும், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்வதே இந்நோயாளர் பலரின் முடிவுக்குத் தொடக்கமாகின்றது என்பதை அறிந்தோருக்கு, விழாமல் காப்பது எத்துணை பெரிய விடயம் என்பது விளங்கும். இதற்குப் பொதியும் வேண்டாம், தபாற்செலவும் வேண்டாம். மண்டைதீவில் கோயில் வீதிகளும் பாடசாலை மைதானமும் இருக்கின்றன. கற்றுக்கொடுக்க ஒருவர்தான் வேண்டும்.

இனி எமது பக்கத்துக்கு வருவோம். நடுக்குவாதத்தின் தலையாய மருந்து லெவோடோப்பா. டொப்பமைனை நேரே கொடுத்தால் மூளைக்குள் நுழையாது. லெவோடோப்பா நுழைந்து அங்கே டொப்பமைனாக மாறுகின்றது. இந்தப் பொருள் ஐரோப்பாவில் 1913இல் ஒருவகை அவரை விதையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர் இரசாயன ஆய்வுகூடத்தில் தாமோதரன், இராமசுவாமி என்ற இருவர் அதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து, தமது முடிவை ஆங்கில ஆய்விதழில் வெளியிட்டனர். மேனியிற் பட்டால் தாங்கொணாத அரிப்பைத் தரும் சுணையுள்ள காய். எமது வேலிகளிலும் பற்றைகளிலும் படரும் கொடி. சித்த, ஆயுள்வேத வைத்தியர்கள் நரம்புத் தளர்ச்சிக்கும் ஆண்மைக் குறைவுக்கும் வழங்கிய விதை. ஆனால் அந்த வெண்ணிறப் படிகம் நடுங்கும் கைக்கு மருந்தாகும் என்பதை 1937இல் எவரும் அறிந்திருக்கவில்லை.

அதை அறிவதற்கு இன்னொரு மூலிகை உதவியது. சர்ப்பகந்தியிலிருந்து எடுக்கப்பட்ட றிசர்ப்பின் என்ற மருந்தைச் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசைவற்றுக் கிடந்தன. லெவோடோப்பா கொடுத்ததும் எழுந்து நடமாடின. இது 1957இல். 1960இல் வியன்னாவில் ஹோர்னிக்கிவிச் என்பவர், நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையில் டொப்பமைன் மிகவும் குன்றியிருப்பதைக் காட்டினார். 1967இல் நியூயோர்க்கில் கொற்சியாஸ் அளவைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து, நாற்காலியில் முடங்கியிருந்தோரை நடக்கவைத்தார். கார்ல்சன் 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சென்னையிலிருந்து வெளிவந்த அந்த நான்கு பக்கக் கட்டுரையை எம்மவருள் எத்தனை பேர் அறிவர்?

இதனால் பெறப்படுவது ஒன்று. "இங்கிலிஷ் குளிசை வேண்டாம், நாட்டு விதை போதும்" என்று பூனைக்காலித் தூளுக்கு மாறுபவர், தாம் விட்டுவந்த அதே பொருளைத்தான் வேறொரு வாசலால் உள்ளே எடுக்கிறார். விதை வேலை செய்யாது என்று நாம் கூறவில்லை; வேலை செய்வதனாலேயே எச்சரிக்கை வேண்டும் என்கிறோம். இந்தியாவில் அறுபது நோயாளருக்குப் பன்னிரண்டு வாரங்கள் விதைத் தூள் கொடுத்த ஆய்வு 1995இல் வெளியானது, நோய்க்குறிகள் குறைந்தன. லண்டனில் எட்டுப் பேரிடம் நடத்தி 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வில், முப்பது கிராம் தூள் குளிசையைவிட விரைவாக வேலைசெய்யத் தொடங்கியது. பயனும் கூடுதல் நேரம் நீடித்தது. குளிசை வாங்க வசதியற்ற பொலிவியா நோயாளர் பதினெட்டுப் பேருக்கு இத்தாலிய வைத்தியர்கள் வறுத்த விதைத் தூளைக் கொடுத்துப் பார்த்து, அது குளிசைக்குச் சளைத்ததல்ல என்று 2017இல் எழுதினர். ஆனால் அதே குழுவினர் அடுத்த கட்டமாக வாரக்கணக்கில் தூளை மட்டும் கொடுத்தபோது, பதினான்கு பேரில் பாதிப் பேர் வயிற்றுக் கோளாறினாலும் அசைவு மோசமானதாலும் இடையில் விட்டுவிட்டனர். குளிசையில் லெவோடோப்பாவோடு கார்பிடோப்பா போன்ற துணை மருந்து சேர்ந்திருப்பதன் காரணம் இதுதான்: மருந்து குடலிலும் இரத்தத்திலும் வீணாகாமல் மூளை வரை சென்றடைய அது வழிசெய்கின்றது, குமட்டலையும் குறைக்கின்றது. விதையில் அத்துணை இல்லை. ஆகவே பெருமளவில் உண்ணவேண்டும். விதைக்கு விதை, நிலத்துக்கு நிலம் மருந்தின் செறிவும் மாறும். நூற்றுக்கு மூன்று பங்கும் இருக்கலாம், ஆறு பங்கும் இருக்கலாம். இன்றைய கரண்டி நேற்றைய கரண்டியின் இருமடங்கு ஆகலாம் என்பது இதன் பொருள். குளிசையையும் குடித்து, வைத்தியருக்குச் சொல்லாமல் தூளையும் குடிப்பவருக்கு மயக்கம், மனப்பிரமை, கட்டுக்கடங்காத உடல் அசைவுகள் என்பன ஏற்படின் அதில் வியப்பில்லை.

கேரளத்தில் பதினெட்டு நோயாளரிடம் நடத்தி 2000இல் வெளியிடப்பட்ட ஆயுள்வேத ஆய்வு ஒன்றும் உண்டு. பூனைக்காலி, அமுக்கரா முதலியவற்றைப் பசும்பாலில் காய்ச்சிக் கொடுத்தனர். முதலில் உடற்சுத்திச் சிகிச்சை பெற்றுப் பின்னர் மருந்து உண்டவர்கள் தேறினர். சுத்தியின்றி மருந்து மட்டும் உண்டவர்களுக்கு அத்துணை பயன் கிட்டவில்லை. ஆய்வாளர்கள் பாலில் லெவோடோப்பா எவ்வளவு என்று அளந்தும் பார்த்தனர். எமக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த அளந்து பார்த்தல்தான். பாரம்பரிய வைத்தியத்துக்கு மரியாதை செய்வது என்றால் அதனை அளந்து பார்ப்பதே.

யாழ்ப்பாணத்துக்கு இதில் சிறப்பான பொறுப்பு உண்டு. ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்து மருத்துவ நூலாகப் போற்றப்படும் பரராசசேகரத்தை 1928 தொடக்கம் பகுதி பகுதியாக அச்சேற்றியவர் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை. அதற்கு முன்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984இல் சித்த மருத்துவக் கற்கை தொடங்கியது. அங்கே மருத்துவ பீடமும் உண்டு. இவ்விரு தரப்பினரும் ஒரே நோயாளியைப் பார்க்கின்றனர். ஒருவர் கொடுத்ததை மற்றவர் அறியார். நோயாளியும் சொல்வதில்லை. சொன்னால் கிளினிக்கில் ஏச்சு விழும் என்ற பயம். இந்தப் பயத்தைப் போக்கவேண்டியவர் வைத்தியரே. பரியாரியாரிடம் போனதற்காக ஒரு முதியவரை ஏசி அனுப்பினால் அவர் பரியாரியாரிடம் போவதை நிறுத்தமாட்டார், சொல்வதைத்தான் நிறுத்துவார்.

ஆபத்துக்களைச் சுருக்கமாகவேனும் கூறாவிடில் இக்கட்டுரை முழுமை பெறாது. லெவோடோப்பாவைத் திடீரென நிறுத்துவது கடும் காய்ச்சல், தசை விறைப்பு, நினைவு தடுமாறல் என உயிருக்கே உலைவைக்கக்கூடியது. குறைப்பதாயினும் வைத்தியரின் சொற்படி படிப்படியாகவே குறைக்கவேண்டும். பெயர் தெரியாத பொதிகளில் பாரவுலோகங்கள் கலந்திருக்கலாம். பெல்ஜியத்தில் உடல் மெலிவிக்கும் மருந்தாகக் கொடுக்கப்பட்ட சீன மூலிகைகளில் ஒன்று தவறுதலாக மாறிப்போக, ஏறத்தாழ நூறு பெண்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. 1993இல் வெளிப்பட்ட விடயம் அது. சீன வைத்தியரின் அறிவு அங்கே பிழைக்கவில்லை. பொதியின் பெயர் பிழைத்தது. எமது ரசபாடாண மருந்துகளுக்கும் இந்தக் கவனம் பொருந்தும்.

குளிசை பயன் தரவில்லை என்று முறையிடுவோர் கவனிக்கவேண்டிய சிறு விடயமும் ஒன்றுண்டு. மீன், முட்டை, பருப்பு போன்ற புரத உணவுகள் லெவோடோப்பா உடலிற் சேர்வதைத் தடுக்கின்றன. தீவகத்தில் மீன் இல்லாத மதிய உணவு ஏது? சோற்றோடு சேர்த்துக் குளிசையை விழுங்கினால் மீனே வெல்லும். உணவுக்கு அரை மணித்தியாலம் முன்னர் எடுப்பது நன்று; குமட்டல் இருந்தால் ஒரு பிஸ்கட்டோடு எடுக்கலாம். இரும்புச்சத்துக் குளிசையை வேறு நேரத்துக்கு மாற்றவேண்டும். எல்லாவற்றிலும் மேலாக நேரந்தவறாமை. நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்றால் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான். தனித்திருக்கும் முதியவர்கள் இங்கேதான் தவறுகின்றனர். பிள்ளைகள் கடல்கடந்து பணம் அனுப்பலாம், தூள் அனுப்பலாம். காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் குளிசையை எடுத்துக் கையிற் கொடுக்க ஆள் அனுப்ப முடிவதில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நிலவியபோது, கையிருப்பு முடியும் முன்னரே வாங்கிவைக்கவேண்டும் என்ற பாடத்தையும் பலர் கடினமான வழியிற் கற்றனர்.

அந்த மகனை நாம் குறைகூறவில்லை. எட்டாயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்து தந்தையின் நடுங்கும் கையைக் காணொளியில் பார்ப்பவன் எதையாவது அனுப்பத்தான் துடிப்பான். அவ்வீட்டிலிருந்தே அவருடன் தொலைபேசியிற் பேசினோம். பொதியில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் தாவரவியற் பெயர்களோடு எழுதி வாங்கி அனுப்பும்படி கேட்டோம். இரண்டு நாட்களில் பதினொரு பெயர்கள் கொண்ட பட்டியல் வந்தது. அடுத்த கிளினிக் நாளில் அதனை வைத்தியரிடம் காட்டுவதாக ஆச்சி குளிசைப் பையினுள் மடித்து வைத்திருக்கிறார். அதுவரை பொதி அலுமாரியின் மேற்தட்டில். குளிசைக்கான நேரத்துக்கு அயல்வீட்டுப் பெண்பிள்ளை தனது கைத்தொலைபேசியில் மணி வைத்துக் கொடுத்திருக்கிறாள். காலை ஆறு மணிக்கு அது அடிக்கும்போது ஆச்சி வாளியோடு கிணற்றடியில் நிற்பதால், திண்ணையிலிருந்து பெரியவரே குரல்கொடுத்து அழைக்கிறாராம்.